‘உங்களுக்குள்’ என்னும் சொல்: திருவண்ணாமலையில் நற்செய்தி வாசிப்பும் சூழல் ஆய்வு முறையும்

ஆய்வுச்சுருக்கம்

கிறித்தவ நற்செய்தி நூல்களை அவை தோன்றிய சூழலில் வைத்துப் படிக்க வேண்டும் என்பது இன்றைய விவிலிய ஆய்வின் அடிப்படை. வாசிப்பவரின் இடமும் பொருளைத் தீர்மானிக்கிறது என்பது அதனோடு எழுந்த மற்றொரு கொள்கை. இவ்விரண்டும் மோதும் இடங்களுள் ஒன்று திருவண்ணாமலை. இரமண மகரிஷியும் சுவாமி அபிஷிக்தானந்தரும் இம்மலையடியில் நற்செய்தித் தொடர்களுக்கு அத்வைத நோக்கில் பொருள் கண்டனர். லூக்கா 17:20–21, யோவான் 8 ஆகிய பகுதிகளைத் தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் கூற்று, கேட்போர், களன், காலம், முன்னம் முதலிய உறுப்புகளின் துணையோடு படித்து, அவ்வாசிப்புகளின் வலிமையையும் குறையையும் இக்கட்டுரை மதிப்பிடுகிறது. நற்செய்திகளைப் புரிந்துகொள்ள மலைக்குகை மட்டுமன்றி, கோயில் நகரத்தின் தெருவும் தேவை என்பது இதன் முடிபு.

திறவுச்சொற்கள்: நற்செய்தி, சூழல், செய்யுளியல், முன்னம், திருவண்ணாமலை, இரமணர், அபிஷிக்தானந்தர், மொழிபெயர்ப்பு.

முன்னுரை

திருவண்ணாமலை என்றதும் நினைவுக்கு வருவன அண்ணாமலையார் கோயிலும் கார்த்திகைத் தீபமும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையும் ஆகும். டேனிஷ் மிஷன் நிறுவிய பள்ளியும் ஆற்காடு லுத்தரன் திருச்சபையும் அதே நகரத்தின் வரலாற்றைச் சேர்ந்தவை. ஆயினும் கிறித்தவ நற்செய்தி குறித்து இவ்வூரிலிருந்து உலகின் கவனத்தை ஈர்த்த வாசிப்புகள் திருச்சபையின் மேடையில் எழவில்லை. அவை மலைச்சரிவில் இருந்த ஆசிரமத்திலும் குகைகளிலும் எழுந்தன.

அவ்வாசிப்புகளைப் பற்றி இருவகைக் கருத்துகள் நிலவுகின்றன. சமயங்களின் ஒருமைக்கு அவை சான்று எனப் போற்றுவோர் ஒருபுறம். முதல் நூற்றாண்டுப் பாலஸ்தீனத்தைப் புறக்கணித்த திரிபுகள் என ஒதுக்குவோர் மறுபுறம். போற்றுவோரும் ஒதுக்குவோரும் மூலத்தொடரை அதன் சூழலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் உழைப்பைப் பெரும்பாலும் மேற்கொள்வதில்லை. அவ்வொப்பீட்டுக்குத் தமிழ் மரபிலேயே ஒரு கருவி உண்டு. அக்கருவியைக் கொண்டு ஒரு தொடரை மையமாக வைத்து இச்சிக்கல் இங்கே ஆராயப்படுகிறது.

செய்யுளியல் தரும் கருவி

தொல்காப்பியப் பொருளதிகாரத்தின் செய்யுளியல் செய்யுளுக்குரிய உறுப்புகளாக 34 எண்ணுகிறது. மாத்திரை, எழுத்து, அசை, சீர் என ஒலிசார்ந்தவற்றை மட்டும் எண்ணி அது நின்றுவிடவில்லை. யார் சொல்வது என்னும் கூற்று, யாரிடம் சொல்வது என்னும் கேட்போர், எங்கே என்னும் களன், எப்போது என்னும் காலம், எதன்பொருட்டு என்னும் பயன், சொல்லாது விடப்பட்டு முடிவு பெறும் எச்சம் ஆகியனவும் செய்யுளின் உறுப்புகளே. இன்ன இடத்தில் இன்ன மொழியை இன்னார் இன்னார்க்குச் சொல்லுதல் பொருந்தும் என்று உணரச் செய்வதை அந்நூல் முன்னம் என்கிறது. சூழல் என்பது பாடலுக்கு வெளியே நிற்கும் பின்னணி அன்று. அது பாடலின் உறுப்பு என்பதே இதன் பொருள்.

அகப்பாடலைப் படிக்கும் தமிழ் மாணவர் இதை இயல்பாகவே செய்கிறார். தலைவியின் கூற்றைத் தோழியின் கூற்றாகக் கொண்டால் பாடல் பிழைபடும். தலைவன் சிறைப்புறமாக நின்று கேட்கிறான் என்னும் குறிப்பை விட்டுவிட்டால் பாடலின் பயனே மாறிவிடும். நற்செய்திகளும் கூற்றுகளால் ஆன நூல்கள். இயேசுவின் மொழிகள் தனித்த பொன்மொழிகளாக அவற்றில் அடுக்கப்படவில்லை; யாரிடம், எங்கே, எதற்கு மறுமொழியாக என்னும் சட்டகத்துக்குள் அமைக்கப்பட்டுள்ளன. அச்சட்டகத்திலிருந்து ஒரு தொடரைப் பிரித்தெடுப்பது, கூற்றுக் குறிப்பை நீக்கிவிட்டு அகப்பாடலைப் படிப்பதற்கு நிகர்.

லூக்கா 17:20–21

இறையாட்சி எப்போது வரும் என்று பரிசேயர் வினவுகின்றனர். கண்டறியத்தக்க அடையாளங்களோடு அது வருவதில்லை என்றும், இங்கே என்றோ அங்கே என்றோ அதைச் சுட்ட இயலாது என்றும் இயேசு மறுமொழி கூறுகிறார். அதன் இருப்பிடத்தைக் கூறும் இறுதித் தொடர் கிரேக்கத்தில் ‘எந்தோஸ் ஹுமோன்’ என அமைந்துள்ளது. ‘எந்தோஸ்’ என்பதன் நேர்ப்பொருள் உள், உட்புறம். புதிய ஏற்பாட்டில் இச்சொல் இவ்விடத்திலும் மத்தேயு 23:26இலும் மட்டுமே வருகிறது. மத்தேயுவில் அது கிண்ணத்தின் உட்புறத்தைக் குறிக்கிறது. ‘நடுவே’ என்று சொல்ல லூக்கா பிற இடங்களில் வேறு தொடரைக் கையாளுகிறார். ஆகவே சொல்லாராய்ச்சி ‘உள்ளே’ என்னும் பொருளுக்குச் சார்பாக நிற்கிறது.

ஆனால் கேட்போரை நோக்கினால் நிலை மாறுகிறது. இங்குக் கேட்போர் சீடர் அல்லர். இயேசுவோடு முரண்பட்டு நிற்கும் பரிசேயர். அவர்களுடைய நெஞ்சுக்குள் இறையாட்சி குடிகொண்டுள்ளது என்று இயேசு கூறுவது இந்நூலின் போக்குக்குப் பொருந்துமா என்ற ஐயம் எழுகிறது. ‘ஹுமோன்’ என்பது பன்மை என்பதும் நோக்கத்தக்கது. எனவே ‘உங்கள் நடுவே’ எனப் பொருள் கொள்வோர் பலர். பாப்பிரசு ஏடுகளின் வழக்கை ஆதாரமாகக் கொண்டு ‘உங்கள் கைக்கு எட்டும் நிலையில்’ என்று உரைப்பவரும் உளர்.

களனும் கருதத்தக்கது. இதற்கு முந்தைய நிகழ்ச்சி சமாரியாவுக்கும் கலிலேயாவுக்கும் இடைப்பட்ட எல்லைப் பகுதியில் நிகழ்கிறது. தொழுநோயாளர் பத்துப்பேர் தொலைவில் நின்று கூவுகின்றனர். நலம் பெற்றவருள் ஒருவர் மட்டும் திரும்பி வந்து நன்றி கூறுகிறார். அவர் யூதரால் விலக்கப்பட்ட சமாரியர். இதை அடுத்தே பரிசேயரின் வினா வருகிறது. ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் அருகே வந்த காட்சியைக் கண்முன் நிறுத்திவிட்டு, ஆட்சி எப்போது வரும் என்னும் வினாவை லூக்கா வைக்கிறார். இவ்வைப்பு முறையே இத்தொடரின் முன்னம்.

‘உள்ளே’ என்னும் பொருளைச் சொல்லும், ‘நடுவே’ என்னும் பொருளைச் சூழலும் தாங்குகின்றன. 1945இல் எகிப்தின் நாக் அம்மாடியில் கிடைத்த சுவடிகளுள் உள்ள தோமா நற்செய்தி, இறையாட்சியை உள்ளேயும் வெளியேயும் இருப்பதாகக் கூறுவது இவ்விரு பொருள்களின் இழுபறி மிகப் பழைமையானது என்பதைக் காட்டுகிறது.

மொழிபெயர்ப்பில் நின்ற இருபொருள்

இத்தொடர் தமிழுக்கு வந்தபோது நிகழ்ந்தது தனிக் கவனத்திற்குரியது. 1715இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கின் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது முதல் தமிழ் விவிலியம் பல திருத்தங்களைக் கண்டுள்ளது. பவர் தலைமையிலான குழு 1871இல் நிறைவு செய்த மொழிபெயர்ப்பின் வழிவந்த பழைய திருப்புதல் இவ்விடத்தில் ‘உங்களுக்குள்’ என்கிறது. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் என்னும் பொது மொழிபெயர்ப்பு ‘உங்கள் நடுவே’ என்னும் பொருளைத் தேர்ந்தது. ஆங்கிலத்தில் 1611ஆம் ஆண்டின் ஜேம்ஸ் அரசர் மொழிபெயர்ப்பு ‘உள்ளே’ என்றும், 1946இல் வெளிவந்த திருத்திய புதிய ஏற்பாடு ‘நடுவில்’ என்றும் கொண்டன.

மேலோட்டமாகப் பார்த்தால் தமிழிலும் ஆங்கிலத்திலும் நிகழ்ந்த மாற்றம் ஒன்றே எனத் தோன்றும். அவ்வாறு அன்று. ஆங்கிலச் சொல் உட்புறத்தை நோக்கியே வாசகரைச் செலுத்துகிறது. தமிழின் ‘உங்களுக்குள்’ அவ்வாறு கட்டுப்படுவதில்லை. ‘உங்களுக்குள் ஒரு திறமை இருக்கிறது’ என்றால் அது ஒவ்வொருவரின் அகத்தையும் குறிக்கிறது. ‘உங்களுக்குள் சண்டை வேண்டாம்’ என்றால் அது பலரிடையே உள்ள உறவைக் குறிக்கிறது. பழைய திருப்புதலே மத்தேயு 20:26இல், சீடர்களிடையே யார் பெரியவர் என்னும் போட்டியை மறுக்குமிடத்தில், இதே வடிவத்தை இரண்டாம் பொருளில் ஆள்கிறது. கிரேக்கத் தொடரின் ஐயப்பாட்டை ஆங்கிலம் ஒருபக்கமாக முடித்துவைத்தது. தமிழ் அதை முடிக்காமல் காத்தது. மொழிபெயர்த்தோர் இதைத் திட்டமிட்டுச் செய்தனர் என்று சொல்ல வேண்டியதில்லை. தமிழ் இலக்கணம் அந்த இடத்தைத் திறந்து வைத்திருந்தது என்பது போதும்.

ஆசிரம வாசிப்பு

வேங்கடராமன் என்னும் இயற்பெயருடைய இரமணர் மதுரையில் அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப்பள்ளியில் பயின்றவர். 1896 செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலையை அடைந்தவர். 1935 முதல் 1939 வரை அவரிடம் நிகழ்ந்த உரையாடல்களை முனகால வேங்கடராமையா பதிவு செய்தார். அப்பதிவில் விவிலியத் தொடர்கள் பலமுறை எடுத்தாளப்படுகின்றன. பதிவு ஆங்கிலத்தில் அமைந்தது. வினவியோருள் மேலைநாட்டவர் பலர். ஆகவே அதில் இடம்பெறும் விவிலியம் ஆங்கில விவிலியமே. லூக்காவின் தொடரும் ‘உள்ளே’ என்னும் ஆங்கிலப் பொருளோடுதான் அங்கு நுழைகிறது.

ஆயினும் இரமணர் அதை வெறும் உள்முகமாகச் சுருக்கினார் என்பது முழு உண்மை அன்று. விவிலியம் கூறும் விண்ணரசும் இவ்வுலகும் வெவ்வேறு இடங்கள் அல்ல. மெய்யுணர்ந்தவருக்கு இதுவே விண்ணரசு, பிறருக்கு இது உலகு என்பது அவர் தந்த விளக்கம். இங்கே, அங்கே என்னும் சுட்டை லூக்காவின் தொடர் மறுக்கிறது. இடம் இரண்டு என்னும் எண்ணத்தை இரமணரின் விளக்கம் மறுக்கிறது. அடியும் முடியும் தேடிக் காணாத திருமாலும் பிரமனும் இடம்பெறும் தலபுராணம் வழங்கும் ஊரில், சுட்டிக்காட்ட இயலாத ஒன்றைப் பற்றிய மொழி எளிதில் செவியில் ஏறுகிறது. இவ்வகையில் திருவண்ணாமலை லூக்காவுக்கு நல்ல செவியைத் தந்துள்ளது. ஒற்றுமையின் எல்லையையும் குறித்தாக வேண்டும். அடிமுடி தேடலில் வினா இடத்தைப் பற்றியது. பரிசேயரின் வினா காலத்தைப் பற்றியது. உரோமப் பேரரசின் கீழ் வாழ்ந்த மக்கள் எப்போது விடிவு என்று கேட்ட வினா அது. காலம் என்னும் உறுப்பை நீக்கினால் அவ்வினாவின் அரசியல் மறைந்துவிடும்.

இரமணரின் மற்றொரு விளக்கத்தில் இம்மறைவு முழுமையாக நிகழ்கிறது. கிறிஸ்து அகந்தை என்றும் சிலுவை உடல் என்றும் அகந்தை அறையப்பட்டு அழிந்தபின் எஞ்சும் பரம்பொருளே உயிர்ப்பு என்றும் அவர் விளக்குகிறார். ஆன்ம சாதனைக்கு உருவகமாக இது செறிவானது. நற்செய்தி விளக்கமாக இதை ஏற்பது அரிது. சிலுவை உரோமர் அடிமைகளுக்கும் கலகக்காரருக்கும் விதித்த கொலைத்தண்டனை. பொந்தியு பிலாத்துவின் ஆணையால் ஒரு மனிதர் ஊரறியக் கொல்லப்பட்டதை நான்கு நற்செய்திகளும் விரிவாகக் கூறுகின்றன. கொல்லப்பட்டவர் அகந்தையானால் கொன்றவர் யார் என்னும் வினா எழாது போகிறது. அவ்வினாவை எழுப்புவதற்காகவே அப்பகுதிகள் எழுதப்பட்டுள்ளன.

பிரான்சின் பிரித்தானிப் பகுதியில் 1910இல் பிறந்த பெனடிக்டின் துறவி ஹென்றி லெ சோ 1948இல் தமிழகம் வந்தார். 1949 ஜனவரியில் ஜூல்ஸ் மொன்சானினோடு இரமணரைக் கண்டார். 1950இல் இருவரும் காவிரிக்கரையில் தண்ணீர்ப்பள்ளியில் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கினர். அபிஷிக்தானந்தர் என்னும் பெயர் பூண்ட லெ சோ அதன்பின் அருணாசலக் குகைகளில் பலமுறை தங்கித் தவமிருந்தார். யோவான் நற்செய்தியில் இயேசு பயனிலை இன்றிக் கூறும் ‘நான் இருக்கிறேன்’ என்னும் மொழியை உபநிடதத்தின் ‘அஹம்’ உணர்வோடு இணைத்துப் படித்தது அவருடைய வாசிப்பின் உயிர்நாடி. அவர் வெளியிலிருந்து ஒப்பிட்டவர் அல்லர். நாள்தோறும் திருப்பலி நிறைவேற்றிய துறவி அத்வைத அனுபவத்தையும் விட இயலாது தவித்தார் என்பதை அவர் மறைவுக்குப்பின் வெளிவந்த நாட்குறிப்பு காட்டுகிறது. அவ்வாசிப்பை மேம்போக்கானது என ஒதுக்குவது நேர்மை ஆகாது. அதே நாணயத்தோடு அதன் குறையையும் ஆராய்தல் வேண்டும்.

குகையும் தெருவும்

யோவான் 8:58இல் வரும் அம்மொழியின் களன் யாது? எருசலேம் கோயில் வளாகம். காலம் யாது? யோவான் 7இல் தொடங்கும் கூடாரப் பெருவிழா. மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் 7:53–8:11 பகுதி இல்லை. அவற்றின்படி விழாவின் இறுதிநாள் நிகழ்ச்சியை அடுத்து 8:12 வருகிறது. உலகின் ஒளி தாமே என்று இயேசு கூறும் இடம் அது. அவ்விழாவில் கோயில் முற்றத்தில் பெரிய விளக்குத் தண்டுகள் ஏற்றப்பட்டதை யூதர்களின் மிஷ்னா விவரிக்கிறது. காணிக்கைப் பெட்டி இருந்த இடத்தில் இவ்வாறு போதித்தார் என்று 8:20 களனை மேலும் நுட்பமாகச் சுட்டுகிறது. உரையாடல் முற்றி, ‘நான் இருக்கிறேன்’ என்னும் மொழியைக் கேட்டவர்கள் கல்லெடுக்கின்றனர். அம்மொழியின் நெடும்பின்னணி கிரேக்க மொழியில் வழங்கிய எசாயா நூலில் இறைவன் கூறும் தன்மைக் கூற்றில் உள்ளது. அது தனிமையில் முகிழ்த்த மௌனம் அன்று. விழாக்கூட்டத்தின் நடுவே உயிருக்கு ஆபத்து விளைவித்த சொல்.

விளக்கேற்றும் பெருவிழா, வெளியூர்ப் பயணியர் கூட்டம், காணிக்கை, கால்நடைச் சந்தை, வழியோரத்தில் கையேந்தி நிற்போர் ஆகியவற்றை அறிந்த வாசகர் எங்கே இருக்கிறார்? குகையில் அன்று, திருவண்ணாமலைத் தேரடி வீதியில் இருக்கிறார். கார்த்திகைத் தீபத்தன்று மலையுச்சியில் தீபம் ஏறும் கணத்தில் அக்கூட்டத்தின் நடுவே நின்று ஒருவர் தம்மையே ஒளி என்று அறிவித்தால் என்ன நிகழும் என்று எண்ணிப் பார்ப்பவருக்கு யோவான் 8இன் அதிர்ச்சி விளங்கும். பாலஸ்தீனத் தொல்லியலை முறையாகக் கற்ற வெளிநாட்டு ஆய்வாளருக்கு நூலறிவால் மட்டுமே கிட்டும் உணர்வு இது. இவ்வூரில் கடை வைத்திருப்பவருக்கு அது அன்றாட அனுபவம்.

ஆசிரம வாசிப்பின் குறை இங்கேதான் உள்ளது. அது தமிழ்ச்சூழலில் நின்று படித்தது பிழையன்று. தமிழ்ச்சூழலின் ஒரு பகுதியை மட்டுமே எடுத்துக்கொண்டது என்பதே பிழை. மலையை எடுத்தது, நகரத்தை விட்டது; மௌனத்தை எடுத்தது, கூட்டத்தின் இரைச்சலை விட்டது. நற்செய்திகள் பாலைநிலத் தனிமையை அறிந்த நூல்கள்தாம். ஆயினும் அவற்றின் பெரும்பகுதி நிகழ்வது கரையிலும் தெருவிலும் பந்தியிலும் கோயில் முற்றத்திலும் ஆகும்.

உள்ளே, வெளியே

‘உள்’ என்னும் சொல் ஆன்மிகத்துக்கு மட்டும் உரியது அன்று என்பதைக் கோயில் நகரம் நன்கறியும். எருசலேம் கோயிலில் பிற இனத்தார் குறித்த எல்லையைத் தாண்டினால் மரணம் என்று எச்சரிக்கும் கிரேக்கக் கல்வெட்டு 1871இல் கண்டெடுக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் கோயில் நுழைவுச் சட்டம் 1939இல் இயற்றப்பட்டது. இரமணரின் உரையாடல் பதிவு முடிந்த ஆண்டும் அதுவே. திருவண்ணாமலை மாவட்டம் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயிலுக்குள் பட்டியலின மக்கள் காவல் துறைப் பாதுகாப்போடு நுழைந்தது 2023 ஜனவரி 30 அன்று. யார் உள்ளே, யார் வெளியே என்னும் வினா இம்மண்ணில் உருவகம் அன்று.

இவ்வினாவோடு லூக்கா 17ஐ மீண்டும் படித்தால், தொலைவில் நின்ற பத்துப்பேரின் காட்சி ஏன் அங்கு முன்வைக்கப்பட்டது என்பது தெளிவாகும். எல்லை வகுக்கும் உரிமை தமக்கு உண்டு என்று கருதியவர்களிடம் ‘உங்களுக்குள்’ என்று சொல்லப்படுகிறது. மதுரை தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் பணியாற்றிய தியோபிலஸ் அப்பாவு என்னும் பறட்டை, ஒரே உலையில் பொங்கி ஒன்றாக உண்பதை இறையியலின் நடுப்பொருளாக வைத்தார்; நாட்டுப்புற இசையிலும் மொழியிலும் வழிபாட்டை அமைத்தார். பந்திக்குப் பெரிதும் இடமளிக்கும் லூக்காவை அவ்வழி படிக்கும்போது ‘உங்களுக்குள்’ என்பதன் பன்மைப் பொருள் உயிர்பெறுகிறது.

அவ்வாறாயின் ‘நடுவே’ என்று முடிவு செய்துவிடலாமா? அதுவும் இழப்பே. சட்டம் வந்து கதவு திறந்தபின்னும் மனத்தில் கதவு சாத்தியிருக்கும் ஊரில், அகமாற்றத்தைப் பேசாத சமூக வாசிப்பு பாதிவழியில் நின்றுவிடும். கிண்ணத்தின் உட்புறத்தைத் தூய்மை செய்யச் சொல்லும் மத்தேயு 23:26இலும் இதே ‘எந்தோஸ்’ வருகிறது என்பதை மறக்கலாகாது.

முடிவுரை

நற்செய்தியைச் சூழலில் படித்தல் என்பது பழைய பாலஸ்தீனத்தைப் பற்றிய செய்திகளைத் திரட்டுவதோடு முடிவதில்லை. வாசகரின் மண்ணுக்கு ஏற்பப் பொருளை வளைப்பதும் அதற்கு ஈடாகாது. கூற்று, கேட்போர், களன், காலம், பயன் என்னும் உறுப்புகளை மூலத்துக்கும் வாசகருக்கும் ஒருசேரப் பொருத்திப் பார்க்கும்போதே அது முறையாகிறது. மூலத்தில் பேசியவர் யார், கேட்டவர் யார் என்று வினவும் ஆய்வாளர், இவ்விளக்கத்தைத் தருபவர் யார், கேட்டுப் பயன்பெறுபவர் யார் என்றும் வினவக் கடமைப்பட்டவர்.

இந்நோக்கில் இரமணரின் விண்ணரசு விளக்கம் இங்கே, அங்கே என்னும் சுட்டின் மறுப்பைக் கூர்மையாக உணர்ந்தது. சிலுவை விளக்கம் காலத்தையும் கொல்லப்பட்டவரையும் இழந்தது. அபிஷிக்தானந்தரின் வாசிப்பு ‘நான்’ என்னும் கூற்றின் ஆழத்தைத் தொட்டது. அதைக் கேட்டவர் கையிலிருந்த கல்லைக் காணவில்லை. இவற்றை நிறைவு செய்யும் வாசிப்பு அதே ஊரின் வீதிகளில் காத்திருக்கிறது. கிரேக்கத் தொடரின் இருபொருளையும் சிதையாமல் தாங்கிய ‘உங்களுக்குள்’ என்னும் தமிழ்ச்சொல்லே அதற்குத் தொடக்கம். அச்சொல்லை ஒருமையில் மட்டும் கேட்டால் குகை மிஞ்சும். பன்மையில் மட்டும் கேட்டால் கூட்டம் மிஞ்சும். தொலைவில் நிற்பவர் அருகே வரும் வரை இரண்டு பொருளும் தேவைப்படுகின்றன.